ஆறாத மாக்கல்

பென்ரோஸ் என்ற ஊரில் கல் மெருகேற்றும் வேலையில் இருந்தபோது, மாசியில் ஒரு வீட்டுச் சமையல் மேடையின் கீறல்களைத் தேய்த்தெடுக்கப் போனேன். கல்சட்டி செய்யும் அதே மாக்கல். வரச் சொன்னது மகள், கதவைத் திறந்தது அம்மா. நரைத்த முடியைக் கிளிப்பில் அள்ளிப் போட்டிருந்தார், கையில் கரண்டி.

“மேடையைப் புதுசு மாதிரி ஆக்கித் தரச் சொன்னாங்கம்மா,” என்றேன்.

“சமைக்கிற இடம் சமைச்ச மாதிரித்தானே தம்பி இருக்கும்.”

அடுப்பில் கொதித்த சொதிச் சட்டியைத் தூக்கி, நான் தேய்க்க வேண்டிய இடத்திலேயே வைத்தார். அடியில் துணிகூடப் போடவில்லை. மாக்கல்லுக்குச் சூட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாங்கிய சூட்டை அது லேசில் விடாது.

“ஆறட்டும்,” என்று தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்ததும் சட்டியை எடுத்தார். கல்லைத் தொட்டேன், சுட்டது. கையை எடுப்பதற்குள் சோற்றுப் பானை வந்து உட்கார்ந்தது.

“உங்க மகள்கிட்ட என்னம்மா சொல்றது?”

“கல் இன்னும் ஆறேல்லை எண்டு சொல்லுங்கோ.”

வேலைச் சீட்டில் அப்படியே எழுதிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் மகள் மறுபடி கூப்பிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தினேன். சமையலறை ஜன்னல் வழியே என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அம்மா அடுப்பிலிருந்த சட்டியை மேடையில் இறக்கினார்.

நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.