பாலத்துக்குக் கேட்ட தலை

வைகையில் அப்போது புதிதாக ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவில்லையாம். எழுப்ப எழுப்பச் சரிகிறதாம். ஆற்றுக்குத் தலைச்சன் பிள்ளையின் தலை வேண்டுமாம். அதற்காகப் பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு அலைகிறானாம். இந்தச் சேதியை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று தெரியவில்லை. காலையில் வந்தது, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆறாம் வகுப்பில் யார் யார் தலைச்சன் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நான் தலைச்சன்.

அதுவரை அது பெருமையான விஷயம். புதுப் பாவாடை முதலில் எனக்குத்தான், சாயம் போன பிறகே தங்கைக்கு. அன்றிலிருந்து, எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இறந்துபோனதாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "செத்துப்போனதெல்லாம் கணக்குல வராதுடி" என்றாள்.

எங்கள் உயர்நிலைப்பள்ளி கோச்சடையைத் தாண்டி ஆற்றோரமாக இருந்தது. முன்பக்கம் மட்டும்தான் சுவர். பின்பக்கம் முள்வேலியும் ஒரு தகரக் கதவும். கதவுக்கு அப்பால் வாழைத்தோட்டம், அதற்கப்பால் ஆறு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பாலத்து வேலைச் சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை கழுத்துக்குப் போகும்.

பிள்ளைகள் வருவது குறைந்தது. தலைமையாசிரியர் பெற்றோர்களைக் கூப்பிட்டு, எல்லாம் வெறும் புரளி என்று வெகுநேரம் விளக்கினாராம். விளக்கி முடித்ததும், காவலுக்கு யார் யாரெல்லாம் வரமுடியும் என்று கேட்டாராம். அப்பாக்கள் முறை வைத்துக்கொண்டார்கள்.

என் அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். தலைமுடியில் பஞ்சு, சிவந்த கண்கள், கையில் மூங்கில் கம்பு. வீட்டில் அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாம்பு வந்தால்கூட அம்மாதான் அடிப்பாள். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார். அப்படிப்பட்டவர் கம்போடு கதவருகே நிற்பதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது. அப்பாவே கம்பு எடுத்துவிட்டார் என்றால் பிள்ளை பிடிக்கிறவன் நிஜமாகத்தானே இருக்கவேண்டும்?

எனக்கு இருந்த ஒரே துணை பள்ளிக்கூடத்து ஆயா. மணி அடிப்பது, வகுப்பறை கூட்டுவது, பானைகளில் தண்ணீர் நிரப்புவது, மயக்கம் போட்டு விழுந்த பிள்ளையை மடியில் கிடத்தி விசிறுவது எல்லாம் அவர்தான். பேரையூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கழிப்பறை பின்வேலிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆயா வெளியே வந்து நின்றால்தான் நான் உள்ளே போவேன். நின்றால் மட்டும் போதாது, பேசிக்கொண்டும் இருக்கவேண்டும். பேச்சு நின்றால் உள்ளேயிருந்து "ஆயா" என்பேன்.

"இருக்கேன் தாயி. எங்கிட்டுப் போகப்போறேன்" என்பார்.

ஒருநாள் மதியம் பேச்சு நின்றது. ஆயா என்றேன். பதில் இல்லை. வெளியே ஆண்கள் ஓடும் சத்தம். தகரக் கதவு அறையும் சத்தம். யாரோ, "சாக்கு வச்சிருக்கான், புடிங்கப்பா" என்று கத்தினார்கள்.

தாழ்ப்பாளைத் திறக்கவும் பயம், உள்ளேயே இருக்கவும் பயம். ஆயாவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பெரியவர்கள் தலை ஆகாது, தலைச்சன்தான் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் திறந்தேன்.

கதவடியில் அப்பாக்கள் கூட்டமாகக் குனிந்து நின்றார்கள். கம்புகள் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. கால்களுக்கு நடுவே தரையில் கிடந்த ஒருவனின் கை மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் என் அப்பாவும் இருந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பிள்ளை பிடிக்கிறவனை மறந்துவிட்டு அப்பாவைப் பார்த்து நடுங்கினேன்.

சத்தம் கேட்டு என்னை விட்டுவிட்டு ஓடியிருந்த ஆயா அதற்குள் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய் அவன்மேல் விழுந்துவிட்டார். கம்புகள் உடனே நிற்கவில்லை.

"எந் தம்பிய்யா. எங்கூடப் பெறந்தவன்யா."

இதை அவர் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். யாரோ சாக்கை உதறினார்கள். ஒரு வேட்டியும் துண்டும் விழுந்தன. அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தார். மீசையெல்லாம் இரத்தம். யாரைப் பார்க்க வந்தாய், என்ன விஷயம் என்று இவர்கள் கேட்டபோது அவர் சொல்லத் தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கமே இவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லாமல் முன்பின் தெரியாதவர்களிடம் அதை எப்படிச் சொல்வார்?

"ஆத்தா போயிருச்சுக்கா" என்றார். "நேத்துச் சாயங்காலம்."

ஆயா அழவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. அது யார் கம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

தலைமையாசிரியர் ஒரு வாடகைக் காருக்கு ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு போகப் பலர் தயங்கினார்கள். அப்பா முன்னால் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து ஊருக்கும் கூடவே போயிருக்கிறார். மறுநாள்தான் திரும்பினார். வந்தவர் குளிக்கும்முன் கம்பை வெந்நீர் அடுப்பில் செருகினார். அன்றைக்கு அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் என் தலையைத் தடவ வந்தபோது நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

புரளி வந்ததுபோலவே போயிற்று. காவல் முறையும் நின்றது. அப்பா மட்டும் வேலை முடிந்து கதவடியில் வந்து நிற்பார், வெறுங்கையோடு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆயா வேலைக்குத் திரும்பினார். வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. இடது கையால் மணி அடித்தார். சத்தம் ஒரு மாதிரி கேட்டது. இடைவேளையில் அப்பா வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"வெயில்ல நிக்கிறீங்களேண்ணே. இந்தாங்க" என்று நீட்டியவர், "இடது கையால தாரேன்னு நெனச்சுக்கிறாதீங்க" என்றார்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

எனக்கு அன்று எவ்வளவு நிம்மதி தெரியுமா. ஆயாவுக்குக் கோபம் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று துள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஆயா சர்க்கார் வேலையில் இல்லை என்பதும், அவரை அங்கே வேலைக்கு வைத்திருந்ததே அந்த அப்பாக்கள் சேர்ந்து நடத்திய பெற்றோர் சங்கம்தான் என்பதும், அவர்களில் ஒருவர் முகம் சுளித்தால்கூட அவர் பேரையூருக்கே திரும்பிப் போகவேண்டியதுதான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.