மரக்கறி வாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா மீன் வாங்காமல் வந்தார். ஊரை விட்டு வெளிநாடு வந்து, மார்க்ஸ் டோர்மோயில் அவர் வீட்டில் நான் தங்கிப் படித்த காலமெல்லாம் ஞாயிறு என்றால் மீன் குழம்புதான். அன்று மாமி பருப்பும் கத்தரிக்காயும் வைத்தார். திங்களும் அப்படியே. கேட்டதற்கு, "கொலஸ்ட்ரோல் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார் மாமா. உணவகத்தில் சமையல் வேலை செய்பவர். எண்ணெய்க்கு அஞ்சி அவரை நான் பார்த்ததில்லை. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் அப்போது பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சாதாரணப் பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே மாறுவது லேசில் நடக்காது. என் முதலாண்டு மதிப்பெண்களோ வெளியே காட்டக் கூசும் ரகம். அந்த முதலாண்டு 2009. அம்மா போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். ஒரு தகவலும் இல்லாத அந்த மாதங்களில் வகுப்பில் உட்கார்ந்தாலும் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பாதிப் பரீட்சைகளுக்குப் போகவே இல்லை. பிறகு ஒருநாள் முகாமிலிருந்து அம்மா பேசினார். "நான் இருக்கிறன். நீ படி" என்றார். அதன்பின் வெறிபிடித்தவள் போலப் படித்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வகுப்பின் முதல் சிலரில் ஒருத்தியானேன்.

முகாமை விட்டு ஊர் திரும்பிய பின் அம்மா சனிக்கிழமைதோறும் பேசுவார். மீன் வாங்காத ஞாயிற்றுக்கு முந்தின நாள் அழைப்பு வரவில்லை. "அங்கை லைன் சரியில்லையாம்" என்றார் மாமா, நான் கேட்பதற்கு முன்பே. குசினி அடுப்புக்குப் பக்கத்தில் எந்நேரமும் அலறும் தமிழ் வானொலியும் அந்த வாரம் பழுதாகிப்போனது. பழுதானதைத் துணி அலமாரிக்குள் யாராவது பூட்டி வைப்பார்களா? மாமி வைத்திருந்தார்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பலசரக்குக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்கார அண்ணை வானொலியை அணைத்தார். மரண அறிவித்தல் வாசிக்கும் நேரம் அது. "சோதினை முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார். "வெள்ளிக்கிழமை" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அரிசி மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.  நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

வெள்ளி காலை கோயிலுக்குப் போய்விட்டுத் தேர்வுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். மாமாவும் கூடவே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனபோது என் கையைப் பிடித்தார். "உள்ளை சனம் கூட. இஞ்சை நிண்டு கும்பிடு பிள்ளை."

உள்ளே ஐயரைத் தவிர ஒருவரும் இல்லை. சாவு விழுந்த வீட்டார் கோயிலுக்குள் போவதில்லை. துடக்கு என்னும் அந்தத் தீட்டுக் கழியும்வரை மரக்கறிதான் சாப்பிடுவார்கள். வன்னியில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. என்னிடம் பொய் சொல்ல மாமாவால் முடிந்தது, சாமியிடம் முடியவில்லை. றோட்டில் நின்றபடி கும்பிட்டேன்.  அவர் வாயால் சொல்லாதவரை அம்மா இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெட்ரோவில் ஏறினேன்.

தேர்வு அறையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியாக, கேள்வி கேட்டவர்களில் நடுவில் இருந்த அம்மையார், முதலாண்டில் என்ன நடந்தது என்றார். நாட்டில் போர், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத வருடம் என்றேன். அவர் முகம் இளகியது. "இப்போது அம்மா எப்படி இருக்கிறார்?" என்று அன்பாகக் கேட்டார்.

எனக்கு அங்கே இடம் கிடைத்தது. இன்று நானும் அதுபோன்ற மேசையின் மறுபக்கம் உட்காருகிறேன். எந்தப் பிள்ளையிடமும் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

அன்று வெளியே வந்தபோது மாமா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்.

"என்ன கேட்டவை?"

"அம்மாவைப் பற்றி."

"நீ என்ன சொன்னனீ?"

"சுகமா இருக்கிறா எண்டு."

மாமா அப்படியே நடைபாதையில் குந்திவிட்டார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, "பிள்ளை" என்று தொடங்கினார்.

"இஞ்சை வேண்டாம் மாமா," என்றேன். "வீட்டை போய்ச் சொல்லுங்கோ."