பதிவேட்டில் எல்லாம் சரி

என் அத்தை நகராட்சியின் கழிவுநீர் பம்ப் ஹவுஸில் இருபத்திரண்டு வருடமாகப் பம்ப் இயக்குகிறாள். தெருவில் அவளுக்கு ‘மோட்டார்’ என்று பெயர். வேலையால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். வாயால் வந்தது என்று தெரு சொல்லும். சாப்பிடும்போதும் ஒரு காது வெளியே இருக்கும். இரண்டு தெரு தள்ளி பம்ப் இழுக்காமல் உறுமினால், தட்டை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நகராட்சிப் பொறியியல் பிரிவில் தற்காலிக வேலை. எனக்குக் கிடைத்த முதல் கோப்பு, பழைய குழாய்களையும் பம்ப்களையும் மாற்றக் குறைந்த வட்டியில் அரசுக் கடன் கேட்கும் விண்ணப்பம். தேவை அதிகமுள்ள ஊர் பட்டியலில் மேலே வரும். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ஐந்து ஆண்டுகளில் கழிவுநீர் எத்தனை முறை தெருவில் வழிந்தது?

பம்ப் ஹவுஸ் பதிவேடுகளைப் புரட்டினேன். ஐந்து வருடமும் ஒரே சொல்: ‘சரி’. எங்கள் வாசலில் முழங்காலளவு நின்ற நாளிலும் அத்தையின் கையெழுத்தில் ‘சரி’.

“என்ன அத்தை இது?”

“சேர்ந்த புதுசுல ஒரு தடவை வழிஞ்சதுன்னு எழுதினேன். ஏன் வழிய விட்டேன்னு மெமோ குடுத்தாங்க. என்னமோ நான்தான் மோந்து ஊத்தின மாதிரி! அப்ப இருந்த இன்ஜினியர் ‘சரி’ன்னே எழுதச் சொன்னாரு. இப்ப இருக்கிறவரும் அதேதான். மூணு ஷிப்டும் அப்படித்தான் எழுதுறோம்.”

“அப்போ நம்ம ஊர்ல பிரச்சினையே இல்லைன்னு ஆகுதே. கடன் வேற ஊருக்குப் போயிடும்.”

“அடிப்பாவி! ஊரே நாறுது, காகிதம் மட்டும் மணக்குதா?”

மறுநாள் பம்ப் ஹவுஸுக்கு என்னை இழுத்துப் போனாள். உள்சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். தெருவில் வழிந்த நாளெல்லாம் தண்ணீர் ஏறிய மட்டத்தில் கோடு, பக்கத்தில் தேதி. அடுத்த ஷிப்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமே என்று அத்தை போட்டவை. ஐந்து வருடத்தில் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் படமெடுத்தேன்.

ஆனால் சுவரை யார் நம்புவார்? கோடு போட்டவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் எழுதியது பொய் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தை ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. இதனால் அவளது ஓய்வூதியம் நின்றுபோகலாம். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். ஊருக்காகக் கேட்கிறேனா, என் முதல் கோப்பு ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவா? இப்போதும் தெரியவில்லை.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை நீட்டினேன். நின்றபடியே விரல் வைத்துப் படித்தாள்.

“நான் பொய் எழுதினேன்னு இருக்கு. யாரு எழுதச் சொன்னதுன்னு இல்லையே?”

“அது இருந்தா இன்ஜினியர் அனுப்ப மாட்டாரு, அத்தை.”

“அப்போ நான் பொய்க்காரி, அவரு அரிச்சந்திரன். இதுக்குத்தான் படிச்சியா?”

 அவளே பேனாவை வாங்கி, ‘பொறியாளர்கள் சொன்னபடி எழுதினேன்’ என்று அடியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பொறியாளர் அந்த வரியில் நின்றுவிட்டார். “இது எதுக்கும்மா? இது இல்லாம வேற தாள்ல வாங்கிட்டு வா.”

“அது இல்லாம அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க, சார்.”

அப்படிப் போடுவாளா என்று நான் அத்தையைக் கேட்கவே இல்லை.  ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அந்த வரியைப் பார்த்தார். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மேசையில் எறிந்தார்.

“கடன் வரலைன்னா எனக்கும் உங்க அத்தைக்கும் சேர்த்து நீயே பதில் சொல்லு.”

பட்டியல் இன்னும் வரவில்லை. மெமோ வந்துவிட்டது, அத்தைக்கும் பொறியாளருக்கும். தவறாகப் பதிவு செய்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அத்தை தன்னுடையதை என் முன்னால் வைத்தாள்.

“நீ ஆரம்பிச்சது, நீயே எழுது. மன்னிச்சிடுங்கன்னு மட்டும் போட்டுடாத.”

நான்கு தாள்களைக் கிழித்தாயிற்று. ஒவ்வொன்றும் எப்படியோ மன்னிப்பில்தான் போய் முடிகிறது.