பேர வாவியில் அன்னப் படகு மிதித்த பின்னேரம்

என் கணவரும் நானும் பதினொரு நாளாகப் பேசாமல் இருந்தோம். அடியோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடம் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பிள்ளையை நடுவில் வைத்துக் கதைப்பது.

"அப்பாட்டச் சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கெண்டு."

"அம்மாட்டக் கேள், என்ர நீலச் சேட் எங்கயெண்டு."

இவ்வளவும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றபடி. எட்டு வயது மகள் இந்தத் தபால்காரி வேலையை மிகவும் பொறுப்பாகச் செய்தாள்.

சண்டைக்குக் காரணம் கனடா. அங்கே இருக்கும் இவருடைய அண்ணா, தான் வேலை செய்யும் இடத்திலேயே இவருக்கும் ஒரு வேலை பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் இவர் பதில் சொல்ல வேண்டும். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நானோ பிள்ளையோடு இங்கேயே இருப்பேன், வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கதவுதான். சண்டை வந்த அன்று வீட்டில் இருந்த எல்லாக் கதவுகளும் வாங்கின. வெள்ளவத்தையில் எனக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறது. பின்னேரம் ரயில் பாதையைக் கடந்தால் கடல் இருக்கிறது. பனிக்குள் போய் நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை வந்து போனது. இவர் என்ன பதில் அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் வாய் திறந்து கேட்டால் மானம் போய்விடாதா? ஓம் என்றுதான் அனுப்பியிருப்பார் என்று நானே முடிவுகட்டி, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேர வாவி அன்னப் படகு கேட்டு அடம்பிடித்தாள். வகுப்பில் எல்லாரும் போய்விட்டார்களாம், தான் மட்டும்தான் மிச்சமாம். கட்லட் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டேன். கோபம் வேறு, கட்லட் வேறு. ஓட்டோவில் பிள்ளை நடுவில் இருந்தாள், நாங்கள் ஆளுக்கொரு கரையில்.

படகில் முன்னால் இரண்டு ஆசனம், இரண்டு சோடிப் பெடல். பின்னால் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே மாதிரி மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றும் என்று டிக்கெட் கொடுத்தவர் சிங்களத்தில் சொன்னார். சுற்றினோம். கரையில் நின்றவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சுற்றினோம்.

"அப்பாட்டச் சொல்லு, வலப்பக்கம் திருப்பச் சொல்லி."

"அம்மாட்டச் சொல்லு, பறக்காம மிதிக்கச் சொல்லி."

எப்படியோ நடு வாவிக்கு வந்துவிட்டோம். அங்கே எல்லாம் மெதுவாகிவிட்டது. பச்சைத் தண்ணீருக்குள் உயர்ந்த கட்டடங்கள் தலைகீழாக நின்று நெளிந்தன. மரங்களில் கூழைக்கடாக்கள் அசையாமல் இருந்தன. வீதியில் போன பஸ்களின் சத்தம் யாரோ பக்கத்து வீட்டில் கதைப்பதைப்போல் கேட்டது. வாவியின் மணம்கூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை. கால்கள் தம்பாட்டில் மிதித்தன. எவருடைய கால் எது என்றே தெரியவில்லை. இது நாங்கள் நாளும் வியர்த்து விறுவிறுத்து ஓடும் கொழும்புதானா என்று இருந்தது. வெயில் மஞ்சளாகி, இவருடைய முழங்கையில் வந்து இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாட்டக் கேள், தேத்தண்ணி இருக்கோவெண்டு," என்றார் இவர்.

பின்னால் இருந்து சத்தமில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். பாதிக் கட்லட் கையில் இருக்க, மகள் வாயைத் திறந்தபடி நித்திரை. மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டோம். இனிச் சொல்லி அனுப்ப ஆளில்லை.

"நான் வரேல்லையெண்டு அண்ணாட்டச் சொல்லிட்டன்," என்றார் இவர், தண்ணீரைப் பார்த்தபடி.

என் கால் நின்றுவிட்டது. "எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலமை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"இதைப் பிள்ளையிட்டச் சொல்லி அனுப்பேலுமோ?"

பதினொரு நாளாக நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த ஏச்சுகளில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை. "உங்களுக்குப் போக நல்ல ஆசையெல்லோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. வென்றது நான்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரவும் நான் அவருடைய சோற்றுக் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டுப் போனவள். அவர் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

"பிறகேன் விட்டனீங்கள்?"

நேரம் முடிந்ததென்று கரையில் எங்களுக்காக விசில் ஊதினார்கள். படகு தன்பாட்டில் மெல்லத் திரும்பியது.

"அங்க போய் நீங்கள் ரெண்டு பேரும் இல்லாம இருக்கிறது எப்பிடியிருக்குமெண்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் கதைக்காம இருந்து பாத்தனான்," என்றார். "என்னால ஏலாது."