கன்றின் ரத்தம்

ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கக் கோமாரி பரவிய வருஷம், எங்கள் வீட்டுக் கிடாரிக் கன்றையும் அது விடவில்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது, புல்லும் தின்றது. ஆனால் கொஞ்சம் நடந்தாலே நின்று மூச்சு வாங்கியது. மாட்டு டாக்டர் அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இந்த நோய் சில கன்றுகளின் இதயத்தைக் கெடுத்துவிடும், ரத்தத்தைப் பார்த்தால் தெரியும், ஆனால் மாட்டு ரத்தத்தை இங்கே யார் பார்ப்பார்கள் என்றார்.

எங்களோடு இருந்த சித்திக்கு வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் சோதிக்கும் வேலை. கன்றின் கழுத்திலிருந்து எடுத்த ரத்தத்தைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்து எடுத்துப்போனாள். இனி அந்தப் பையில் எப்படிச் சோறு கொண்டுபோவாள் என்பதுதான் என் கவலை.

மறுநாள் சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இதயம்தான்க்கா. அதோட தசை அழிஞ்சா, உள்ள இருக்கறது ரத்தத்துல கசியும். இதுக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

"மனுஷங்களுக்கும் இதே டெஸ்ட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"இதேதான்" என்ற சித்தி சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அப்பா டேனரியில் ஈரத்தோல் சுமப்பவர். போன மாசம் நெஞ்சு வலிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் ரத்தத்தையும் சித்திதான் சோதித்தாள். வெறும் வாயு என்று வந்து சொன்னாள்.

"அப்போ உங்க மாமாவுக்கு இன்னா வந்துச்சு? சொல்லுடி."

"மாமாதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னார்க்கா. தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயப்படறார்."

கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த என் காதிலும் இதெல்லாம் விழுந்தது. பெரியவர்கள் ஏதோ பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

விடிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்த கன்று, முன்னங்கால் மடங்கி விழுந்து செத்துப்போனது. அதைத் தூக்கப்போன அப்பாவின் சட்டையை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தூக்காதீங்க!"

அப்படியே அவர் மேல் சாய்ந்து கதறினாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஒரு கண்ணுக்குட்டிக்கா இப்படி அழுவற?" என்றார் அப்பா.

எனக்கும் அதுதான் தோன்றியது. கிட்டே போய், "அழாதம்மா, வேற கண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையை விடவும் இல்லை.