குளவிக் கூட்டிலிருந்து விழுந்த சிலந்தி

சிலந்தியின் வயிற்றுக்குள் நூல் இல்லை, பிசுபிசுப்பான நீர்மம்தான் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சுரப்பியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்! யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். விடுமுறைக்குக் கரைத்தீவுக்கு வந்ததும் வராததுமாக, நான் படித்த பாடசாலைக்கு ஓடி, ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியைக் கெஞ்சி வாங்கிவந்தேன். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

வீட்டில் உம்மா நோன்புக்கு முந்திய துப்புரவில் இருந்தார். தும்புத்தடியால் வலைகளைத் தட்டுவார். சிலந்தியை மட்டும் கோப்பையால் மூடிப் பிடித்து வெளியே விடுவார். நபியவர்கள் எதிரிகளிடமிருந்து மறைந்து தங்கியிருந்த குகை வாசலில் வலை பின்னிக் காத்த இனம் அல்லவா? ஒன்றை வெட்டிப் பார்க்கப் போகிறேன் என்றதும் உம்மா தும்புத்தடியை நிறுத்தினார்.

"வெட்டிப் பாக்கவா? என்ட வீட்டுல சிலந்தியக் கொல்லப்படா, புள்ள."

விட்டேனா? வாதாடினேன். "உம்மா, நூல் செய்யிற விதம் எழுதியிருக்கிற பரம்பரையலகு அதுட உடம்புல எல்லாக் கலத்திலயும் இருக்கு. ஆனா அத வாசிக்கிறது சுரப்பிக் கலங்கள் மட்டும்தான். அது நல்ல நீளம். ஒரே துண்டுதான் திரும்பத் திரும்ப வருது."

"தஸ்பீஹ் மணிய உருட்டி ஓதுற மாதிரியா?"

விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பாடுபட்டு விளக்கியதை உம்மா ஒற்றைக் கேள்வியில் முடித்துவிட்டார். கலங்கள் அப்படி வாசித்து வாசித்துப் புரதம் கட்டிச் சுரப்பிக்குள் கொட்டுவதையும், ஒடுங்கிய குழாயில் அதிலுள்ள தண்ணீர் போய், இழுக்க இழுக்க அது நூலாக இறுகுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"உப்பளத்துல தண்ணி போனா உப்பு மிஞ்சும். இங்க உப்பும் சேர்ந்து போயிரும், நூல் மிஞ்சும்!"

உம்மா ரசித்துக் கேட்டார். சம்மதிக்க மட்டும் இல்லை.

மறுநாள் பதினொரு மணியளவில் அலுமாரிக்கு மேலே தும்புத்தடி பட்டு, குளவியின் மண்கூடு விழுந்து உடைந்தது. உள்ளே ஏழெட்டுச் சிலந்திகள்! குளவி தன் குஞ்சுக்கு இரையாக அடைத்துவைத்தவை. உம்மா குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இது குளவிட வேல. நீ கொல்லல்ல. எடு."

துள்ளிக் குதித்தேன். பெரியதொன்றைப் பீரிஸ் தட்டில் வைத்து, சவர பிளேட்டைக் கிட்டக் கொண்டுபோனேன். பின்கால் ஒன்றின் நுனி துடித்தது.

அப்போதுதான் உறைத்தது. குளவி சிலந்தியைக் கொல்வதில்லை. இரை கெடாமல் இருக்கக் கொட்டி மரக்கச் செய்து வைக்கிறது. படித்த விஷயம்தான், ஆவலில் மறந்துவிட்டேன். உம்மா துடிப்பைக் காணவில்லை. பேசாமல் வெட்டினால் யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்த என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"உம்மா, இது மவுத்தாகல்ல."

உம்மா பக்கத்தில் வந்து நின்றார். பிளேட்டை வைத்துவிட்டு, ஊசி முனையால் சிலந்தியின் வயிற்று நுனியைத் தொட்டு மெல்ல இழுத்தேன். நூல் வந்தது! இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. உம்மாவின் தையல் மெசின் பொபினில் அதைச் சுற்றினேன்.

"உள்ள இருக்கிறது குறையக் குறைய, இன்னும் செய்யச் சொல்லிக் கலங்களுக்குத் தகவல் போகும் உம்மா! திரும்ப அந்தத் துண்ட வாசிக்கத் தொடங்கும்!" என்று கத்தினேன்.

"கால் ஆட்ட ஏலாமக் கிடக்குது. அப்பவும் உள்ளுக்குள்ள ஓதிக்கொண்டா இருக்குது?"

"ஓம் உம்மா."

"அப்ப போதும். விடு."

நுணுக்குக்காட்டியைச் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுரப்பியைப் பார்க்கவே இல்லை. உம்மா எல்லாச் சிலந்திகளையும் கோப்பையில் அள்ளி முருங்கை மரத்தடியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை கோப்பையைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே கூப்பிட்டார். "பாத்தியா, எல்லாம் எழும்பிப் போயிட்டுது!" முகமெல்லாம் சந்தோஷம்.

கழுவித் தருகிறேன் என்று கோப்பையை அவசரமாக வாங்கிக்கொண்டேன். அதன் வெளிப்புறத்தில் சிலந்திக் கால்களைக் கவ்வியபடி எறும்புகள் இன்னும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற நான், "ஓம் உம்மா" என்று மட்டும் சொன்னேன்.