கிளிப்பச்சைச் சுவர்

குளிர்காலத்தில் பழைய நகரத்துத் தெருவை வரைய வண்ணமே வேண்டாம், பிரஷ் கழுவின தண்ணீரே போதும் என்பார் என் வீட்டுக்காரர். கொழுப்புத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னையும் மடக்கு நாற்காலியையும் ஸ்கூட்டரில் ஏற்றி, மாரெட்பள்ளியிலிருந்து சார்மினார் பக்கம் கொண்டுபோய் இறக்குகிறவரும் அவர்தான். அதனால் பொறுத்துக்கொள்வேன்.

போன குளிர்காலத்தில் ஓவியக் குழு ஒன்று தன் கண்காட்சியில் முதல் தடவையாக எனக்கு இடம் கொடுத்திருந்தது. தெருவிலேயே உட்கார்ந்து வரைந்த படமாக இருக்க வேண்டும், போட்டோ பார்த்து வரைந்தது கூடாது என்பது நிபந்தனை. அதுவரை என் படங்களை எல்லாம் 'வாழ்த்து அட்டை மாதிரி அழகாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். வயிறு எரியாதா? இந்தத் தடவை விடுவதாக இல்லை.

ஒரு சந்தில் ரஜாய் தைக்கும் கடை அகப்பட்டது. ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனத்த போர்வை; குளிர் வந்துவிட்டால் அந்தக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நான் மயங்கியது ரஜாயில் இல்லை, கடையின் பக்கச் சுவரில். சுண்ணாம்பு உரிந்து, செங்கல் தெரிந்து, மழைக்கறை வழிந்து, அடடா, என்ன சுவர்! இடது பாதியை முடித்தேன். பனியில் தாள் காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. மீதியை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்தச் சுவரையா அம்மா? கைக்கு?" தக்கணி உருதுவில் 'ஏன்' என்று கேட்கிறார். பெரிய ஹாலில் மாட்டுவார்கள், ஊரே வந்து பார்க்கும் என்று பீற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சந்து திரும்பியதும் எனக்குப் பகீரென்றது. சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. பளபளவென்று, மேலிருந்து கீழ்வரை. முன்னால் கடைக்காரர், இஸ்திரி போட்ட குர்தாவில், மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"அவ்வளவு பேர் பார்க்கிற படத்துல நம்ம சுவர் கிழிஞ்ச சட்டையோட நிக்கலாமா? நக்கோ, வேணாம் அம்மா! தையலை நிறுத்திட்டு நேத்தே அடிச்சிட்டோம்." அவர் தக்கணியில் சொன்னதைத்தான் தமிழில் சொல்கிறேன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்தலாம் போலவும் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? சீசன் வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்காகச் சுவருக்கு அலங்காரம் செய்த மனுஷன்!

"வாழ்த்து அட்டைக்கு ஏத்த கலர்" என்று என் வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார். முறைத்தேன்.

மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கண்ணால் பார்த்ததைத்தானே வரையச் சொன்னார்கள்? வலது பாதியில் கிளிப்பச்சையைக் குழைத்துக் கடுப்போடு பூசினேன். அதன் முன்னால் குர்தாவோடு அவரையும் நிறுத்தினேன்.

கண்காட்சியில் என் படத்தின் முன்னால்தான் கூட்டம். ஒரு தாடிக்காரர், நகரத்தின் இரண்டு காலங்களும் இதில் மோதுகின்றன என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அப்போது கடைக்காரர் அதே குர்தாவில் வந்தார். படத்தில் தன்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு இடது பாதியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று என் பக்கம் குனிந்தார்.

"பாதியிலேயே பெயிண்ட் தீர்ந்துபோச்சா அம்மா? சொல்லியிருக்கலாமே. நம்மகிட்ட அரை டப்பா மிச்சம் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"